டிரம்முக்குள் நான், வெளியே நான் வாங்கிய சிப்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை மதியம். ஆம்பூர் பைபாஸ் ஓரம் இருக்கும் ஒரு டேனரியில், தோல் பதனிடும் டிரம்முக்குள் நான் விழுந்து கிடந்தேன். நான் உள்ளே நுழைந்த வாசல் என் தலைக்கு மேலே, கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. சற்று முன் அது என் முழங்கால் உயரத்தில்தான் இருந்தது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், சீக்கிரம் முடிந்துவிடும். படிப்பு ஏழாம் வகுப்பு. எட்டாம் வகுப்பு வாசலை நான் பார்த்தேன், அது என்னைப் பார்க்கவில்லை. ஃபேனுக்குக் காயில் கட்டுவதில் ஆரம்பித்து, மிக்ஸி, தண்ணீர் மோட்டார் என்று ஏறி, கடைசியில் டேனரிகளில் கரண்ட் பேனல் ரிப்பேர் செய்பவனாக ஆனேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வீடியோ பார்த்துப் பார்த்து, சிப் வைத்து போர்டு செய்யும் ஆசை வந்துவிட்டது.

டிரம் என்றால், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும் மரப் பீப்பாய். படுத்த வாக்கில் மாட்டியிருக்கும். தோலையும் தண்ணீரையும் மருந்தையும் உள்ளே போட்டு, வாசலை மூடி, மோட்டாரால் சுற்ற விடுவார்கள். கொஞ்ச நேரம் சுற்ற வேண்டும், கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், மறுபடி சுற்ற வேண்டும். இதற்காக ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பட்டனை அமுக்குவார். அந்த வேலையை ஒரு சிப் செய்யும் என்று நான் கிளம்பினேன்.

சிப் வாங்கக் காட்பாடிக்குப் போனேன். காலேஜ் பிள்ளைகள் புராஜெக்டுக்குச் சாமான் வாங்கும் கடை அது. அங்கே இருந்த பெண் இதற்கென்றே படித்தவர்.

"எதுக்குண்ணா?"

"டிரம்மு ஓட்டணும்மா. கொஞ்ச நேரம் ஓடணும், கொஞ்ச நேரம் நிக்கணும்."

"அவ்ளோதானா? இதுவே போதும்ணா" என்று ஒன்றை எடுத்து வைத்தார். புளியங்கொட்டை அளவு, எட்டே எட்டு கால்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னாம்மா இது, கொசு மாதிரி கீது. அம்மாம் பெரிய டிரம்முக்கு இதுவா? பெருசா ஒண்ணு காட்டு."

அவர் பெரியதைக் காட்டினார். தகடு போட்டு மூடி, ரெண்டு பக்கமும் வரிசையாகக் கால்களோடு ஜம்மென்று இருந்தது. வைஃபை உண்டு, புளூடூத் உண்டு, மொபைலிலேயே ஓட்டலாம். "ஆனா டைமருக்கு இது எதுக்குண்ணா? இதுல எந்தக் கால்ல ரிலே குடுக்கறோம்னு பாத்துக் குடுக்கணும். சில காலு ஆரம்பத்துல..."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்மா. பில்லு போடு."

கலரையும் உயரத்தையும் பார்த்தே பெண்ணை முடிவு செய்கிற மாப்பிள்ளை மாதிரி நடந்துகொண்டேன். குணம் எப்படி என்று சொல்ல வந்தவரையும் பேசவிடவில்லை.

புரோகிராம் எழுத எனக்கு வராது. வீடியோவில் ஒருத்தர் நேரம் வைத்தும் மொபைலைத் தொட்டும் பல்பை எரியவிட்டு அணைத்துக் காட்டினார். அதை அப்படியே எடுத்து, பல்பு இருந்த இடத்தில் டிரம்மை வைத்தேன். சிப்பின் ஒரு கால் ரிலே என்ற சின்ன சுவிட்சைத் தட்டும், ரிலே பேனலில் இருக்கும் பெரிய சுவிட்சைத் தட்டும், டிரம் ஓடும். பெரிய சுவிட்ச் ஒரு தடவை பிடித்துக்கொண்டால் விடாது. ஸ்டாப் வரும்வரை, இல்லை கரண்ட் போகும்வரை மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

இப்படி இரண்டு போர்டு செய்தேன். ஒன்று பைபாஸ் டேனரியில். இன்னொன்று துத்திப்பட்டில் ஒரு டேனரியில், அந்த வெள்ளிக்கிழமைக்கு ஒரு வாரம் முன்னால்தான் மாட்டியிருந்தேன். துத்திப்பட்டில் டிரம் பார்ப்பவன் என் தோஸ்த். முதலாளி யோசித்தபோது, "பாய், அவன் செஞ்சா கரெக்டா இருக்கும், நான் கேரண்டி" என்று எனக்காகச் சொன்னவன் அவன்தான். என் முகத்துக்கு நேராக மட்டும் நல்ல வார்த்தை சொல்ல மாட்டான். "வாய்யா இன்ஜினியரு, ஏழாங்கிளாஸ் இன்ஜினியரு" என்பான்.

எங்கள் பக்கத்து டேனரிகளில் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தில் ஒரு நாள் மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும். அந்த நாளில்தான் எல்லோரும் டிரம்முக்குள் இறங்குவார்கள். அடியில் தங்கிய கசடை வழிப்பது, உடைந்த கட்டையை மாற்றுவது எல்லாம் அன்றுதான். ஊருக்கே கரண்ட் இல்லாதபோது மெயின் சுவிட்சை எதற்கு இறக்க வேண்டும் என்று யாரும் அதைத் தொட மாட்டார்கள். நானும்தான்.

அந்த வெள்ளிக்கிழமை அப்படிப்பட்ட நாள். பைபாஸ் டேனரியின் டிரம் மேஸ்திரியிடம், மொபைலில் டிரம்மை ஓட்டுவது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கரண்ட் இல்லை, அதனால் நடித்துக் காட்டினேன். காலியாக இருந்த டிரம்மின் வாசலில் சாய்ந்துகொண்டு, "இப்டி தொட்டா ஓடும், இப்டி தொட்டா நிக்கும்" என்று விரலை ஆட்டியபோது மொபைல் நழுவி உள்ளே விழுந்தது. அடியில் நின்ற, தோல் மருந்து கலந்த நீலத் தண்ணீரில் டொபுக்கென்று சத்தம்.

மேஸ்திரி பீடியை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டார். "இதான் நிக்கறதா?"

நான் உள்ளே இறங்கினேன். குனிந்து தண்ணீரில் கையை விட்டுத் துழாவி மொபைலை எடுத்து நிமிர்ந்தேன். வெளியே பேனலில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. காலுக்குக் கீழே தரை நகர்ந்தது.

அப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியாது. டிரம்முக்குள் சுவரெங்கும் தோலை அடிப்பதற்காக மர முளைகள் இருக்கும். அதில் ஒன்று என்னைச் சட்டையோடு தூக்கிக்கொண்டு மேலே போனது. சட்டை கிழிந்ததும் கீழே போட்டது. அடுத்த முளை முதுகில் ஒரு இடி. வாயில் அந்தத் தண்ணீர். கத்தினேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. பக்கத்து டேனரிவரை கேட்டதாக மேஸ்திரி பிறகு சொன்னார்.

திடீரென்று டிரம் அடங்கியது. வந்த கரண்ட் அதே வேகத்தில் போய்விட்டிருந்தது. லைன்காரர்கள் மறுபடி கரண்ட் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை போட்டு எடுத்துப் பார்ப்பது உண்டு. அந்தச் சில நொடிதான். இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால் இதை வேறு யாராவது என்னைப் பற்றி எழுதியிருப்பார்கள். நல்லவன் என்றுகூட எழுதியிருப்பார்கள்.

மேலேயிருந்து மேஸ்திரியின் குரல் வந்தது. "யோவ்! உயிரோட கீறியா?"

"நான் கீறேன். மொபைலு செத்துடுச்சு."

அவர் மெயினை இறக்கிவிட்டு ஆட்களைக் கூட்டினார். நாலு பேராக டிரம்மைக் கையால் தள்ளி வாசலைக் கீழே கொண்டுவந்தார்கள். வெளியே வந்தபோது தலை முதல் கால்வரை நீலமாக இருந்தேன். முட்டியில் ரத்தம் மட்டும் வேறு கலர்.

"யார்யா ஸ்டார்ட் அமுக்கனது?" என்று சண்டைக்குப் போனேன்.

"எவனும் அமுக்கல. நான் இங்கியேதான் குந்திகினு கீறேன்" என்றார் மேஸ்திரி. "அதுவா ஓடுச்சு. போன வாரமும் கரண்டு போய் வந்தப்ப அதுவாதான் ஓடுச்சு. ஒன்னாண்ட சொன்னேனே?"

சொல்லியிருந்தார். எனக்கும் ஞாபகம் இருந்தது. நாம் சொல்லாமலேயே வேலையை ஆரம்பிக்கிறதே, நல்ல மிஷின் என்று அவர் பாராட்டியிருந்தார். நானும், "பின்ன? அதான் ஸ்மார்ட்டு" என்று காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன். தப்பை என் கையில் கொடுத்திருக்கிறார், நான் அதைப் பரிசு என்று நினைத்து வாங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் துத்திப்பட்டு ஞாபகம் வந்தது.

அதே சிப். அதே கால். அங்கேயும் இன்றைக்குக் கரண்ட் இல்லை. என் தோஸ்த் டிரம்மைக் கழுவ உள்ளே இறங்கியிருப்பான். சற்று முன் வந்துபோன கரண்ட் அங்கேயும் வந்ததா, வேறு லைனா, எனக்குத் தெரியாது. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே முடியவில்லை. வராமல் இருந்தால், எந்த நிமிடமும் வரும். வந்தால் இந்தத் தடவை உடனே போகாது.

"ஃபோன் போடுய்யா" என்றார் மேஸ்திரி. என் மொபைலில் இருந்து நீலத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. என் சொந்த நம்பரே பாதிதான் தெரியும்.

வண்டியை எடுத்தேன். வழியில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, "இன்னா தலைவா, எந்தக் கோயில்ல கூத்து?" என்றார். வேறு நாளாக இருந்தால் அவருக்கு நல்ல பதில் சொல்லியிருப்பேன். அன்றைக்கு ஆக்ஸிலேட்டரை முறுக்கி அவரைத் தாண்டினேன். ஓரத்து டீக்கடைகளில் ஃபேன் சுற்றுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஒன்றும் சுற்றவில்லை. எந்த ஃபேனும் சுற்றக்கூடாது என்று ஒரு எலக்ட்ரீஷியன் வேண்டிக்கொண்டது அன்றாகத்தான் இருக்கும்.

துத்திப்பட்டு டேனரி கேட்டில் வாட்ச்மேன் மறித்தார். "முதலாளி தொழுகைக்குப் போய்கீறாரு. அப்பால வா."

"உள்ள எந்தச் சத்தமாவது கேட்டுச்சா?"

"இன்னா சத்தம்? நீ இன்னாய்யா இப்டி..."

அவர் முடிப்பதற்குள் கைக்குக் கீழே புகுந்து ஓடினேன். டிரம் ஷெட்டில் யாரும் இல்லை. டிரம்மின் வாசல் திறந்திருந்தது. ஆணியில் அவன் சட்டை தொங்கியது. உள்ளேயிருந்து வாளி உருளும் சத்தமும், சினிமாப் பாட்டு ஒன்றைக் கொலை செய்யும் குரலும் வந்தன. அவன் குரல் இவ்வளவு இனிமையானது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அவனைக் கூப்பிடவில்லை. நேராகப் பேனலுக்குப் போய் மெயின் சுவிட்சின் கைப்பிடியை இரண்டு கையாலும் இறக்கினேன். இறக்கியபின் கையை எடுக்க மனம் வரவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகியிருக்காது. எதிர் டேனரியில் மோட்டார் ஒன்று உறுமிக் கிளம்பியது. தெருவில் எங்கோ ஒரு டிவி கத்தியது. கரண்ட் வந்துவிட்டது.

டிரம்முக்குள் பாட்டு நின்றது. "யாரப்பா வெளிய? எல்லார்க்கும் கரண்டு வந்துடுச்சு, நமக்கு மட்டும் வர்ல?"

"வந்துச்சு" என்றேன். "நீ மொதல்ல வெளிய வா."

வாசலில் அவன் தலை தெரிந்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தான். "இன்னாடா இன்ஜினியரு, சாயத் தொட்டில உழுந்தியா?" என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினான். இறங்கி வந்தான்.

சொன்னேன். எப்படியோ உளறிச் சொல்லி முடித்தேன். அவன் நம்பவில்லை. "ஸ்டார்ட்டே அமுக்காம எப்டிடா ஓடும்? பயத்துல எதனா சொல்லாத" என்றான். அவனைக் கையைப் பிடித்துத் தள்ளி நிறுத்திவிட்டு மெயினைப் போட்டேன்.

போர்டில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. ரிலே ஒரே ஒரு தடவை டக்கென்றது. பேனலில் பெரிய சுவிட்ச் பிடித்துக்கொண்டது. டிரம் முனகிக்கொண்டே சுற்ற ஆரம்பித்தது.

அவன் துண்டை உள்ளேயே விட்டு வந்திருந்தான். சிவப்புத் துண்டு. அது ஒரு முளையில் மாட்டிக்கொண்டது. திறந்த வாசல் எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் உள்ளே அந்தத் துண்டு மேலே போவதும், தொப்பென்று கீழே விழுவதும் தெரிந்தது. வாளி ஒரு பக்கம் மோதிக்கொண்டே இருந்தது.

அவன் அந்தத் துண்டைக் கையால் காட்டினான். பிறகு மெதுவாகச் சொன்னான். "டேய். அது நானு."

அவனே போய் மெயினை இறக்கினான். என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன், கன்னத்தைத் தயாராகவே வைத்திருந்தேன். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் படியில் போய் உட்கார்ந்தான். அவன் திட்டாதது அதுதான் முதல் தடவை. அடி வாங்கியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

தொழுகை முடிந்து முதலாளி வந்தார். போர்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நடந்ததை நானே சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் தோஸ்தைப் பார்த்தார். "நீதானே கேரண்டி குடுத்தே?" என்று கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். என் போர்டுக்கு அவன் தலை குனிந்தது.

மறுநாள் காட்பாடிக்குப் போனேன். அந்தப் பெண்ணிடம் போர்டைக் காட்டியதும், அவர் ஒரு காலில் விரலை வைத்தார்.

"இதுலயா ரிலே குடுத்தீங்க?" என்றார். "கரண்டு வந்ததும் சிப்பு முழிச்சிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்ணா. அதுக்குள்ள உங்க புரோகிராம் ஆரம்பிச்சிருக்கவே இருக்காது. அப்ப காலு எதுவும் உங்க பேச்சைக் கேக்காது. சில காலு சும்மா கிடக்கும். சில காலு ஒரு துள்ளு துள்ளும். நீங்க துள்ற காலாப் பாத்து டிரம்ம கட்டிட்டீங்க."

"அந்த வீடியோல பல்பு நல்லாதாம்மா எரிஞ்சுது."

"பல்பு ஒரு தடவை சும்மா மின்னுனா யாருக்குண்ணா நஷ்டம்? அன்னிக்கே சொல்ல வந்தேன். நீங்கதான் பில்லு போடச் சொன்னீங்க."

இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு கேட்டேன். அந்தக் கொசுவையே, எட்டு கால் சிப்பையே கொடுத்தார். புரோகிராம் ஆரம்பிக்காத நேரத்திலும் கால் துள்ளாமல் கீழே பிடித்து வைக்க ஒரு ரெசிஸ்டர் போடச் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலே, கரண்ட் போய் வந்தால் ஒரு ஆள் வந்து கையால் ஸ்டார்ட் அமுக்கினால்தான் டிரம் கிளம்ப வேண்டும், சிப்புக்கு அந்த உரிமையே இருக்கக்கூடாது என்று வயரிங்கை மாற்றச் சொன்னார். வைஃபை கிடையாது. மொபைல் கிடையாது. பைபாஸ் டேனரிக்கு முதலில் செய்து மாட்டினேன்.

துத்திப்பட்டு முதலாளி என்னை மறுபடி உள்ளே விட்டதற்குக் காரணம் தோஸ்த்தான். என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தான் என்று இன்றுவரை சொல்லவில்லை. புது போர்டை மாட்டி முடித்ததும் அவன் டிரம் வாசலைக் காட்டினான்.

"உள்ள போ."

"யாரு, நானா?"

"பின்ன நானா? நீ உள்ள நில்லு. நான் மெயின போட்டுப் போட்டு எடுக்கறேன். ஓடலன்னா போர்டு நல்ல போர்டு. ஓடுச்சுன்னா நீ மறுபடி நீலம்."

மறுக்க எனக்கு முகம் இல்லை. சிகரெட் பிடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனேன். சிகரெட் பழக்கமே எனக்குக் கிடையாது. சும்மா நின்றுவிட்டு வந்து உள்ளே இறங்கினேன்.

இருட்டு. வாசல் வழியாக ஒரு கட்டம் வெளிச்சம். மெயின் ஏறும் சத்தம் கேட்டது. இறங்கும் சத்தம் கேட்டது. மறுபடி ஏறியது. ஒவ்வொரு தடவையும் காலுக்குக் கீழே தரை நகர்கிறதா என்றே கவனித்துக்கொண்டிருந்தேன். நகரவில்லை. ரிலே வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். தெரியாத சாமிகளையும் பொதுவாகக் கூப்பிட்டு வைத்தேன். அவன் அவசரமே படாமல் போட்டுப் போட்டு எடுத்தான்.

போதும் வா என்றதும் வெளியே வந்தேன். அவன் பேனல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். தோளில் மாலை மாதிரி ஏதோ கறுப்பாகத் தொங்கியது. மோட்டாரையும் டிரம்மையும் சேர்க்கிற பெல்ட்டுகள். எல்லாவற்றையும் கழற்றித் தோளில் போட்டிருந்தான். நான் சிகரெட் பிடிக்காமல் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் கழற்றியிருக்கிறான். மோட்டார் ஓடியிருந்தாலும் டிரம் ஒரு அங்குலம்கூட நகர்ந்திருக்காது.

"பெல்ட்டே இல்லாத டிரம்முல நின்னுகினு" என்றான், "எத்தினி சாமிய கூப்ட்டடா? வெளிய வரைக்கும் கேக்குது."

நான் அழுதேன் என்று அவன் எல்லோரிடமும் சொல்கிறான். டிரம் தண்ணீர் கண்ணில் பட்டது என்று நான் சொல்கிறேன்.

இப்போது போர்டு கேட்டு வருபவர்கள் எந்த சிப் போடுவாய் என்று கேட்டால், கரண்ட் வந்ததும் யாரும் ஒன்றும் சொல்லாதவரை சும்மா இருக்கத் தெரிந்த சிப் என்கிறேன். ஆனால் அவன் உயிரை நான் கவனிக்காமல் விட்ட அதே இடத்தில், என்னை மிரட்டிக்கொண்டே என் உயிரைத் தன் தோளில் மாட்டி வைத்திருந்தானே, அதற்கு ஈடாக ஒரு போர்டு செய்ய எனக்கு இன்னும் தெரியவில்லை.